குளிப்பாட்டும் கைகளுக்கு

தாராவி தொண்ணூறடி ரோட்டிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூர் திலக் நகரிலும், சயான் கோலிவாடாவிலும் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டும் ஆச்சிகளுக்கு, பாட்டிகளுக்கு, அத்தைமார்களுக்கு, வீடு வீடாகப் போய் எண்ணெய் தேய்த்துவிடும் பெண்களுக்கு,



காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் இரண்டின் மேலும் குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு, பிறகு மல்லாத்தி, வெந்நீரைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து ஊற்றுகிறவர்கள் நீங்கள். குழந்தையின் நெஞ்சை டாக்டர் மாதத்துக்கு ஒரு நிமிடம் பார்த்தால் அதிகம். பெற்றவளோ பாலூட்டும் நேரம் போக மீதி நேரமெல்லாம் தூக்கத்துக்கு ஏங்கிக் கிடப்பாள். அந்த உடம்பை நல்ல வெளிச்சத்தில், துணியில்லாமல், தினமும் முழுதாகப் பார்ப்பவை உங்கள் கண்கள்தாம். இந்த மடல் டாக்டர்களுக்குப் போகாமல் உங்களுக்கு வந்ததற்குக் காரணம் அதுவே.

பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான ஒரு பெண் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மார்புக்காம்பை ஒட்டி வெளிறிய ஒரு திட்டு. கொசு கடித்ததோ, நகம் பட்டதோ என்று தோன்றும். மூன்றாம் வாரம் அதில் மெல்லிய செங்கோடுகள் தெரிகின்றன. ஆறாம் வாரம் அது மேடாகி, கோவைப்பழத் துண்டை ஒட்டிவைத்தது மாதிரி பளபளக்கிறது. அழுத்தினால் நிறம் சற்றே வெளுத்து, விட்டதும் திரும்பச் சிவக்கிறது. வெளிநாட்டு டாக்டர்கள் இதற்கு ஸ்ட்ராபெரி மச்சம் என்று பெயர் வைத்தார்கள். முறையான பெயர் ஹிமாஞ்சியோமா. தமிழில் ரத்தக்குழாய்க் கட்டி எனலாம். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் இது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

கைக்குழந்தைகளுக்கு வரும் கட்டிகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். நூறு குழந்தைகளில் நாலைந்து பேருக்கு உடம்பில் எங்காவது ஒன்று வருகிறது. பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் கழுத்திலும் வரும். மார்பில் வருவது அபூர்வம். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் அதிகம். பிறக்கும்போது எடை குறையக் குறைய வாய்ப்பும் கூடுகிறது. எடை 500 கிராம் குறையும்போதெல்லாம் வாய்ப்பு 40 சதவீதம் ஏறுவதாக 2008-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. எடை குறைந்த குழந்தைகள் சயானுக்குப் புதியவர்கள் இல்லை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989-ல் சயான் ஆஸ்பத்திரியில் தொடங்கியது இப்படிப்பட்ட பிஞ்சுகளுக்காகத்தான். ஒன்றரைக் கிலோவில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து தப்பி, தாராவிச் சந்துக்குள் வந்து சேர்ந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

இது ஏன் வருகிறது? கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று பெற்றவள் சொறிந்துகொண்டாள், அந்த இடத்தில் குழந்தைக்கும் பட்டுவிட்டது என்று ஒரு பேச்சு உங்களில் பலரிடம் இருக்கும். பெற்றவளின் தலையில் விழும் பழிகளில் இதுவும் ஒன்று. இந்தக் கட்டியின் ரத்தக்குழாய்ச் சுவர்களில் குளுட்-1 என்றொரு புரதம் இருப்பதை 2000-ல் பவுலா நார்த் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் காட்டினார்கள். தோலின் சாதாரண ரத்தக்குழாய்களில் அது கிடையாது. அது இருக்கும் இன்னோர் இடம் நஞ்சுக்கொடி. பிறந்ததும் நீங்கள் புதைக்கச் சொல்கிறீர்களே, அதே நஞ்சுக்கொடி. இரண்டுக்கும் நடுவில் உள்ள உறவை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். சந்திரனுக்கும் அந்தப் பெண்ணின் நகத்துக்கும் இதில் வேலை இல்லை.

மச்சம்தானே, தானாகப் போய்விடும் என்பீர்கள். பாதி சரி. ஒரு வயதுக்கு அருகில் வளர்ச்சி நின்று, சிவப்பு மங்கி, சாம்பல் படர்ந்து, மெதுவாகச் சுருங்கத் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றில் நாலு வயதுக்குள் சுருங்குவது முடிந்துவிடும். முதுகிலோ தொடையிலோ சின்னதாக ஒன்று வந்தால், பார்த்துக்கொண்டிருப்பதே வைத்தியம்.

மீதிப் பாதி கணக்கு வேறு. இந்தக் கட்டி ஒரே சீராக வளர்வதில்லை. மிக வேகமான வளர்ச்சி ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் நடுவில் நடக்கிறது. மூன்று மாதம் ஆகும்போது அது எட்டப்போகும் அளவில் 80 சதவீதத்தை எட்டியிருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆபத்தான இடத்தில் வந்த கட்டியை ஒரு மாதத்துக்குள் நிபுணரிடம் காட்டச் சொன்னது இதனால்தான். கண், உதடு, மூக்கு நுனி ஆகியவற்றோடு பெண் குழந்தையின் மார்பையும் அந்த ஆபத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

நம் வழக்கமோ இந்த நாள்கணக்குக்கு நேர் எதிராக இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாதரில் ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் குழந்தையோடு தாராவிக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பாட்டி, ‘பம்பாயில் பெரிய டாக்டர்கள் இருக்காங்கள்ல, அங்க போய்க் காட்டிக்கலாம்’ என்கிறாள். பம்பாய் மாமியார், ‘ஊர்லயே காட்டியிருப்பாங்க’ என்று இருந்துவிடுகிறாள். இரண்டு ஊருக்கும் நடுவே, ரயில் டிக்கெட் கிடைப்பதற்குள், அந்த ஐந்தரை வாரமும் ஏழரை வாரமும் கடந்துபோகின்றன. இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ஊரில் குளிப்பாட்டிய கை, இங்கே குளிப்பாட்டப்போகும் கைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் போதும்.

மார்புக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக் கவலை? பெண் குழந்தையின் காம்புக்குக் கீழே ஒரு பட்டன் அளவில் மார்பு மொட்டு இருக்கிறது. பிற்காலத்தில் வளரப்போகும் மார்பு முழுவதும் அந்த ஒரே மொட்டிலிருந்துதான் வர வேண்டும். அது போனால் வேறு மொட்டு முளைக்காது. கட்டி அதை அமுக்கலாம், காம்பின் உருவத்தைக் குலைக்கலாம், புண்ணாகித் தழும்பு விடலாம். கட்டியைவிடப் பெரிய சேதத்தை அவசர வைத்தியம் செய்துவிடும் என்பதுதான் இதில் கொடுமை. சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று கத்தி வைத்தால், கட்டியோடு மொட்டும் போகும். அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பக்கம் மட்டும் மார்பு வளராமல் நிற்கும்போது, ஒன்றரை மாதத்தில் நடந்த ஆபரேஷன் யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கு ஸ்வீடன் நாட்டில் எழுத்து ஆதாரமே இருக்கிறது. 1920 முதல் 1965 வரை ஸ்டாக்ஹோமிலும் கோதன்பர்க்கிலும் கைக்குழந்தைகளின் ரத்தக்குழாய்க் கட்டிகளைக் கதிர்வீச்சால் சுருக்கினார்கள். ரேடியம் அன்றைக்கு நவீன வைத்தியம்; கத்தி கிடையாது, ரத்தம் கிடையாது. கட்டியும் சுருங்கியது. ஸ்வீடனில் நோயாளிப் பதிவேடுகள் பத்திரமாக இருந்ததால், அப்படிக் கதிர்பட்ட 17,202 பெண் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு என்ன ஆனார்கள் என்று தேட முடிந்தது. 1999-ல் முடிவு வெளியானது: மார்பில் பட்ட கதிரின் அளவு கூடக் கூட, பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது. கதிர்பட்ட பக்கத்து மார்பு வளர்ச்சி குன்றிப்போன பெண்களைப் பற்றி அதற்குப் பத்து வருடம் முன்பே அங்கே எழுதியிருந்தார்கள். தானாகச் சுருங்கக்கூடிய ஒன்றைச் சுருக்கப் போய், இல்லாத நோயைக் கொண்டுவந்தார்கள். இதைச் செய்தவர்கள் மூடர்கள் இல்லை, அந்தக் காலத்தின் நல்ல மருத்துவர்கள். பயப்பட வேண்டியது அதற்காகத்தான்.

அடுத்த கதை பிரான்சின் போர்தோ நகரத்தில் நடந்தது. அங்கே ஒரு குழந்தைக்கு மூக்கில் பெரிய ரத்தக்குழாய்க் கட்டி. அந்த நாளில் வழக்கமாக முதலில் கொடுத்த மருந்து ஸ்டீராய்டு. அதைக் கொடுத்ததில் குழந்தையின் இதயத்தசை தடித்துப்போனது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். ரத்தக்கொதிப்புக்கும் படபடப்புக்கும் பெரியவர்கள் விழுங்கும் பழைய மாத்திரை அது. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கியது; 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அதற்கும் பங்குண்டு. மருந்து கொடுத்த மறுநாள் மூக்குக் கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, தொட்டால் மெத்தென்று இருந்தது. யாரும் எதிர்பார்க்காத பலன். கிறிஸ்டின் லியோதே-லப்ரெஸ் என்ற தோல் மருத்துவர் அதைக் கவனித்து, மொத்தம் 11 குழந்தைகளின் விவரத்தை 2008-ல் ஒரு கடிதமாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். ஒரே கடிதத்தில் உலகம் முழுக்க வைத்திய முறை திரும்பியது.

அதே மருத்துவர் முன்னின்று நடத்திய பெரிய பரிசோதனை 2015-ல் வெளியானது. ஐந்து வாரம் முதல் ஐந்து மாதம் வரை வயதுள்ள 460 குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். சரியான அளவில் ஆறு மாதம் மருந்து குடித்தவர்களில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ மறைந்தது. வெற்று மருந்து குடித்தவர்களில் 4 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டு, தாத்தாவின் மாத்திரை டப்பாவை யாரும் திறக்க வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்க வேண்டிய விஷயம் இது. பெயர் ஒன்று, விலையும் மலிவு என்பதால் ஆபத்து குறைந்துவிடாது. குழந்தையின் இதயத்தைச் சோதித்து, எடைக்குத் தகுந்த அளவைக் கணக்கிட்டு, டாக்டர்தான் தொடங்க வேண்டும். இந்த மருந்து இதயத்துடிப்பைக் குறைக்கும், ரத்தச் சர்க்கரையை இறக்கும், இளைப்பு உள்ள குழந்தைக்கு மூச்சை இறுக்கும். அதனால் வயிறு நிறையப் பால் குடித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வாந்தி, பேதி, பால் குடிக்க மறுக்கும் நாளில் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். குழந்தை துவண்டு, வியர்த்து, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சின்னதாக, மெல்லியதாக இருக்கும் கட்டிக்குத் தோல்மேல் விடும் டிமோலால் சொட்டு மருந்தே சில சமயம் போதும்.

இனி கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டிய ஒன்று.

பிறந்த சில நாளில் ஆண் பெண் இரண்டு குழந்தைகளுக்கும் மார்பு வீங்குவதுண்டு. தாயின் ஹார்மோன் குழந்தைக்குள் மிச்சமிருப்பதால் வருவது. சில குழந்தைகளுக்குக் காம்பில் துளிப் பாலும் கசியும். உங்களில் சிலர் எண்ணெய் தேய்க்கும்போது அந்தப் பாலைப் பிதுக்கி எடுக்கிறீர்கள். எடுக்காவிட்டால் கட்டிக்கொள்ளும், பையனுக்குப் பெண் மார்பு வந்துவிடும், பெண்ணுக்கு வடிவு வராது என்று உங்கள் பாட்டி சொல்லிக் கொடுத்திருப்பார். இதே பழக்கம் மராத்திக்கார, உத்தரப்பிரதேச வீடுகளிலும் உண்டு; எண்ணெய் தேய்க்கும் மாலிஷ்வாலி பாய்களும் செய்கிறார்கள். பிதுக்குவதால் தோல் கிழிந்து கிருமி புகும், சீழ் கட்டும், கத்தி வைத்துச் சீழ் எடுக்க வேண்டி வரும். மேலே சொன்ன அந்த மொட்டு இதிலும் சாகலாம். அந்த வீக்கத்தைத் தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானாக வற்றிவிடும்.

வற்றுகிறதா, ஏறுகிறதா என்பதே நீங்கள் பார்க்க வேண்டிய வித்தியாசம். ஹார்மோன் வீக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வந்து இறங்கும். ரத்தக்குழாய்க் கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம் வந்து ஏறும். எல்லாக் கட்டியும் சிவப்பாக இருக்காது. ஆழத்தில் இருப்பது தோலுக்கடியில் நீலம் பாய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கதகதப்பாக, மெத்தென்று புடைத்திருக்கும். வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மொபைலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட வேண்டாம். அது ஒரு பெண் குழந்தையின் உடம்பு.

ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட வேறு சில கோளாறுகளும் அபூர்வமாக மார்பில் வரும். சிரைகளின் பிறவிக் கோணல் ஒன்று. அழும்போது புடைத்து, அழுத்தினால் அமுங்கும். நிணநீர்ப் பை இன்னொன்று. சளி காய்ச்சல் வந்தால் திடீரென்று பெரிதாகும். இவை தானாகச் சுருங்குவதில்லை, குழந்தையோடு சேர்ந்து வளர்கின்றன, வைத்தியமும் வேறு. ரத்தக்குழாய்க் கட்டியையும் இந்தப் பிறவிக் கோளாறுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த மருத்துவ உலகத்துக்கு, பாஸ்டனைச் சேர்ந்த ஜான் மல்லிக்கனும் ஜூலி குளோவாக்கியும் 1982-ல்தான் பிரித்துக் காட்டினார்கள்.

கொஞ்சம் வளர்ந்த பேத்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டு, ஒன்பது, பத்து வயதில் ஒரு காம்புக்குக் கீழே மட்டும் சுண்டைக்காய் அளவில் கெட்டியாக ஒன்று உருண்டால், தொட்டால் வலித்தால், அது பெரும்பாலும் மார்பு மொட்டு விழித்துக்கொள்வதுதான். ஒரு பக்கம் முந்தி வரும், அடுத்தது சில மாதம் கழித்து வரும். அதைக் கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்தால் மார்பையே எடுத்ததாகும். சோனோகிராபி பார்க்காமல், குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல், எந்த ஆபரேஷனுக்கும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

எங்கே காட்டுவது? தாராவிக்குள்ளேயே, நீங்கள் சோட்டா சயான் என்று கூப்பிடும் மாநகராட்சி மருத்துவ மையம் இருக்கிறது. கேஸ் பேப்பர் எடுத்துக் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினால், தேவைப்பட்டால் சயான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். பரேலில் குழந்தைகளுக்கென்றே 1929-ல் தொடங்கிய வாடியா ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரும்பாலும் டாக்டர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் சோனோகிராபி, ஊரில் ஸ்கேன் என்பார்களே, அது எடுப்பார்கள். ஊசி குத்திச் சதை எடுப்பது கடைசி வழி. உடம்பில் இப்படி ஐந்து அல்லது அதற்கு மேல் எண்ணினீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். ஈரலையும் சோனோகிராபியில் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆண் டாக்டரிடம் பெண் குழந்தையின் மார்பைக் காட்டுவதா என்று தயங்குகிற வீடுகள் உண்டு. நாளைக்குக் கல்யாணத்துக்குப் பேசும்போது யாராவது இதைச் சொல்லிக் காட்டுவார்களோ என்று மறைக்கிற வீடுகளும் உண்டு. இரண்டு மாதக் குழந்தை அது. மறைத்து வைத்த மச்சம்தான் பிற்காலத்தில் மறைக்க முடியாத தழும்பாகிறது.

கட்டியில் ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். சுண்ணாம்பு வேண்டாம், காப்பித்தூள் வேண்டாம், மருவுக்குக் கட்டுவது மாதிரி குதிரைமுடி கட்ட வேண்டாம், சூடு வைக்கவே வேண்டாம். தேங்காயெண்ணெய் தடவுவதில் தோஷமில்லை. அழுத்தித் தேய்க்காமல், அந்த இடத்தில் மட்டும் விரலை லேசாக ஓட்டுங்கள்.

ஒன்றரை மாதத்தில் எல்லாக் குழந்தைக்கும் தடுப்பூசி இருக்கிறது. கட்டி வேகமெடுக்கும் வாரமும் அதுவே. அன்றைக்குக் குழந்தைக்கு முன்பக்கம் திறக்கிற சட்டையைப் போட்டுக் கூட்டிப் போங்கள். தொடையில் ஊசி போட்டு முடித்ததும் எழுந்து வந்துவிடாமல், சட்டையைத் திறந்து, ‘இதையும் கொஞ்சம் பாருங்க டாக்டர்’ என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சயானிலிருந்து உங்கள் அண்டை வீட்டுக்காரர்